மண்டபத்தில் ஒரு மேசை: பிரித்தானியத் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

இலண்டனிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் இயங்கும் தமிழ்க் கோயில்களின் பரிபாலன சபையினருக்கும், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளின் நிர்வாகிகளுக்கும், ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்களில் பலருக்கு என்னை முகத்தால் தெரியும். வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வந்து பின்வரிசையில் உட்காருபவள். வயது 63. ஹரோவில் ஒரு சிறிய கணக்காளர் அலுவலகத்தில், இடையில் ஒன்றரை வருடம் நீங்கலாக, இருபது வருடமாகக் கணக்கெழுதி வருகிறேன். அதனால் ஆங்கிலத்தில் ஒரு கபில நிற உறை வீட்டுக்கு வந்தால் தெரிந்தவர்கள் அதை என்னிடம் கொண்டுவருவார்கள். பூசை முடிந்து செருப்புத் தேடும் இடத்தில் நின்று நான் வாசித்துச் சொன்ன கடிதங்களுக்குக் கணக்கில்லை.

அண்மைக் காலமாக எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி. "தங்கச்சி, பென்ஷனுக்கு விடுபட்ட வருடங்களுக்குக் காசு கட்டலாம் என்கிறார்களே, கட்டவா?" இதற்கு ஒலிபெருக்கியில் சொல்லக்கூடிய பொதுவான பதில் கிடையாது. ஒருவருக்குக் கட்டுவது அவர் வாழ்நாளில் செய்த ஆகச் சிறந்த செலவாக இருக்கும். பக்கத்தில் நிற்பவருக்கு அதே காசு ஆற்றில் போட்டதாகிவிடும். யாருக்கு எது என்பது அவரவர் தேசிய காப்புறுதிப் (நேஷனல் இன்சூரன்ஸ்) பதிவேட்டைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். அதைப் பார்க்க உதவும் ஓர் இடத்தை உங்கள் மண்டபத்தில் திறந்துவையுங்கள் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2016 ஏப்ரல் 6 முதல் நடைமுறையில் உள்ள புதிய அரச ஓய்வூதியத்தின்படி, முழுத் தொகை பெற 35 நிரம்பிய ஆண்டுகள், அதாவது தேசிய காப்புறுதிப் பணம் கட்டியதாகவோ கட்டியதற்குச் சமமாகவோ பதிவான ஆண்டுகள், வேண்டும். 2016க்கு முன்னரே வேலை செய்தவர்களுக்கு இது சற்றுக் கூடலாம், அல்லது குறையலாம். பொதுவாக 10 ஆண்டுகளாவது நிரம்பியிருக்காவிட்டால் ஒரு சதமும் கிடையாது. 2025-26 நிதியாண்டில் முழு ஓய்வூதியம் வாரத்துக்கு 230.25 பவுண். அதை 35ஆல் பிரித்தால் ஓர் ஆண்டின் பெறுமதி வாரத்துக்கு 6.58 பவுண், வருடத்துக்கு ஏறத்தாழ 342 பவுண். விடுபட்ட ஓர் ஆண்டை விரும்பிக் கட்டி நிரப்ப அதே நிதியாண்டின் விலை வாரம் 17.75 பவுண், ஆண்டுக்கு 923 பவுண். ஓய்வூதியம் தொடங்கி இரண்டு வருடம் எட்டு மாதத்தில் போட்ட காசு திரும்பிவிடும். அதற்குப் பிறகு உயிரோடு இருக்கும் நாளெல்லாம் அது வந்துகொண்டிருக்கும். வருமான வரி கட்டும் நிலையில் இருப்பவருக்கு இன்னும் ஏழெட்டு மாதம் கூடச் செல்லும்.

இதைச் சொன்னதும் "அப்படியானால் எல்லோரும் கட்டவேண்டியதுதானே" என்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் எண்ணத்தை மாற்றியது ஒரு பிஸ்கட் ரின்.

சென்ற வருடம் தைப்பொங்கல் முடிந்த வாரம், எங்கள் வீதியில் வசிக்கும் ஓர் அக்கா அந்த ரின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். நம் வீடுகளில் ஊசி நூல் போட்டு வைத்திருப்போமே, அதே நீல நிற டேனிஷ் பிஸ்கட் ரின். உள்ளே பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகள், பழைய வங்கிப் புத்தகம், ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய அரசாங்கக் கடிதங்கள். அப்போது 2006 முதல் 2016 வரையிலான பழைய ஆண்டுகளுக்கும் காசு கட்டலாம் என்ற சலுகைக் காலம் நடந்துகொண்டிருந்தது. 2025 ஏப்ரல் 5 அதன் கடைசி நாள். அக்காவுக்கு அந்தக் காலத்துக்குள் நான்கு ஆண்டுகள் வெறுமையாக இருந்தன. ஆண்டுக்கு 824.20 பவுண் வீதம் 3,296 பவுண் 80 பென்ஸ். சீட்டுக் காசு எடுத்து ஆயத்தமாக வைத்திருந்தார். எப்படிக் கட்டுவது என்று மட்டும் காட்டித் தரச் சொல்லி வந்தார்.

கடிதக் கட்டை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டு போனபோது 1999இல் மூத்த பிள்ளைக்குச் சைல்ட் பெனிபிட் என்ற அரசின் பிள்ளை உதவித்தொகையை அனுமதித்த கடிதம் வந்தது. மேலே கணவரின் பெயர். 2003இல் இளையவனுக்கு வந்த கடிதத்திலும் அவர் பெயர்தான். வீட்டில் இருந்து இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தவர் அக்கா. படிவம் நிரப்பிக் கையெழுத்துப் போட்டவர் அவர் கணவரான அண்ணா.

சிறு பிள்ளையை வளர்ப்பவருக்கு அந்தக் காலத்து ஓய்வூதியக் கணக்கில் அரசு பாதுகாப்புக் கொடுக்கிறது. 1978 முதல் 2010 வரை அதற்கு ஹோம் ரெஸ்பான்சிபிலிட்டிஸ் புரொடெக்‌ஷன் என்று பெயர். பிள்ளைக்கு 16 வயதாகும்வரை கிடைத்தது. 2010 ஏப்ரலில் இருந்து அது கிரெடிட் ஆக, அதாவது காசு கட்டாமலே ஆண்டை நிரப்பும் பதிவாக மாறி, கடைசிப் பிள்ளைக்கு 12 வயதாகும்வரை கிடைக்கிறது. ஆனால் அது போய்ச் சேர்வது சைல்ட் பெனிபிட் யாருடைய பெயரில் இருக்கிறதோ அவருக்கு. அண்ணா முழுநேர வேலையில் இருந்தார், அவர் ஆண்டுகள் எல்லாம் ஏற்கனவே நிரம்பியிருந்தன. அவருக்கு அது தேவையே இல்லை. அக்காவின் பக்கம் பத்து ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்தன. அவற்றில் முதல் ஆறும் 2006க்கு முந்தியவை. காசு கட்டியும் நிரப்ப முடியாது என்று அவர் கைவிட்டிருந்தார்.

அந்தப் பாதுகாப்பைக் கணவரிடமிருந்து மனைவிக்கு மாற்றிக் கேட்க வழி இருக்கிறது. கேட்டோம். படிவத்தில் கையெழுத்திட வந்த அண்ணா கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை வாசித்துவிட்டு, "நான் அன்றைக்குப் போட்ட கையெழுத்து இவளுக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்தேன்" என்றார். மனம் நொந்துதான் சொன்னார். சில மாதங்களில் பதிவேடு திருத்தப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்குக் காசு கட்ட வந்தவருக்குப் பத்து ஆண்டுகள் காசில்லாமல் நிரம்பின. 2025-26 கணக்கில் வாரத்துக்கு 65.79 பவுண். சீட்டுக் காசு சீட்டுக் காசாகவே இருக்கிறது.

சபையோரே, எங்கள் சமூகத்தில் வீட்டுப் படிவங்கள் எல்லாம் யார் பெயரில் போயின என்பது உங்களுக்குத் தெரியும். என் தலைமுறைப் பெண்கள் எத்தனை பேரின் ஆண்டுகள் இப்படிக் கணவர் பெயரில் அடங்கிக் கிடக்கின்றனவோ என்று எண்ணிப் பார்த்தால் இரவில் நித்திரை வருவதில்லை. தன் பெயரிலேயே விண்ணப்பித்த பெண்களும் பார்க்க வேண்டும்: 2000ஆம் ஆண்டு மே மாதத்துக்கு முன் போட்ட விண்ணப்பங்களில் தேசிய காப்புறுதி எண் எழுதப்படாமல் விட்டிருக்கலாம், அதனால் பாதுகாப்பு ஆண்டுகள் பதிவேட்டில் ஏறாமல் போனவர்கள் இந்த நாடு முழுவதும் இருக்கிறார்கள். வரித் திணைக்களம் 2023 முதல் அத்தகையோருக்குக் கடிதம் அனுப்பியது. அந்தக் கடிதம் நம் வீடுகளில் எத்தனை பிஸ்கட் ரின்களுக்குள் பிரிக்கப்படாமல் இருக்கிறது?

பேரப் பிள்ளை பார்க்கும் அம்மம்மாக்களின் கதையும் இதோடு சேர்ந்தது. சனிக்கிழமை காலையில் தமிழ்ப் பள்ளி வாசலில் தள்ளுவண்டியோடு நிற்பவர்களைப் பாருங்கள். 58, 60 வயதுக்காரர்கள். மகள் வேலைக்குப் போக, கிழமையில் ஐந்து நாளும் பேரனைப் பார்ப்பவர்கள். அந்தப் பேரன் 12 வயதுக்குக் கீழ்ப்பட்டவன், தாத்தா பாட்டி இன்னும் ஓய்வூதிய வயதை எட்டவில்லை, மகளோ மருமகனோ வேலை செய்து தமக்குரிய ஆண்டைத் தாமே நிரப்பிக்கொள்கிறார்கள் என்றால், சைல்ட் பெனிபிட்டோடு வரும் கிரெடிட்டை மகள் தன் தாய்க்குக் கொடுக்கலாம். 2011 ஏப்ரல் முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது. ஒரு படிவம், இரண்டு கையெழுத்து. பள்ளி நிர்வாகிகளே, பரிசளிப்பு விழா அறிவித்தல் அனுப்பும்போது அடியில் இரண்டு வரி சேர்த்து அனுப்பினால் போதும்.

வருமானம் கூடியதால் சைல்ட் பெனிபிட் வேண்டாம் என்று விட்ட இளம் பெற்றோரும் உங்கள் பள்ளிகளில் இருக்கிறார்கள். 2013இல் அதிக வருமானக்காரரிடம் அதைத் திருப்பி அறவிடத் தொடங்கியதிலிருந்து பலர் விண்ணப்பிப்பதையே நிறுத்தினார்கள். காசு வேண்டாம் என்று குறித்துவிட்டு விண்ணப்பத்தை மட்டும் போட்டிருந்தால் வீட்டில் இருக்கும் தாய்க்கு ஆண்டு நிரம்பியிருக்கும்.

காசில்லாமல் நிரப்பும் வழிகளைப் பார்த்து முடித்த பிறகுதான் காசு கட்டும் கேள்விக்கு வரவேண்டும். அங்கேயும் எல்லோருக்கும் ஒரே விடை இல்லை.

பத்து ஆண்டு என்ற வாசற்படிக்கு முன்னால் நிற்பவர்கள் கட்டாயம் பார்க்கவேண்டியவர்கள். பிந்தி வந்தவர்கள், அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராமல் வேலை செய்ய அனுமதியின்றி வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள். எட்டு ஆண்டு நிரம்பிய ஒருவர் 67 வயதில் இந்த ஓய்வூதியத்தில் எதுவும் பெறமாட்டார். இரண்டு ஆண்டுக்கு 1,846 பவுண் கட்டினால் வாரம் 65.79 பவுண் பெறுவார். ஏழு மாதம்கூட ஆகாது, போட்டது திரும்பிவிடும். இதைத் தெரியாமலே "எனக்கு பென்ஷன் கிடையாது" என்று சொல்லிக்கொண்டு போன பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கு மறுபக்கம், சொந்த வீடோ சேமிப்போ இல்லாமல், கவுன்சில் வீட்டில் தனியாக வாழும் ஒருவர். ஓய்வூதிய வயதில் அவர் வருமானம் வாரம் 227.10 பவுணுக்குக் (2025-26 அளவு) குறைந்தால் பென்ஷன் கிரெடிட் என்ற அரச உதவித்தொகை அந்தக் குறையை நிரப்பும். அவர் 923 பவுண் கட்டி வாரம் 6.58 கூட்டினால், பென்ஷன் கிரெடிட்டில் அந்த 6.58 குறையும். கையில் வருவது அதேதான். கூலி வேலை செய்து சேர்த்த ஆயிரம் பவுணை இப்படிக் கட்டிவிட்டு, ஒரு சதமும் கூடவில்லையே என்று என்னிடம் வந்து அழுத அம்மா ஒருவர் இருக்கிறார். அவருக்கு முன்கூட்டிச் சொல்ல யாரும் இருக்கவில்லை.

ஆனால் அங்கேயும் எங்களுக்கென்று ஒரு திருப்பம் உண்டு. பென்ஷன் கிரெடிட் பெறுபவர் பொதுவாக நான்கு வாரத்துக்கு மேல் வெளிநாட்டில் தங்கினால் அது நின்றுவிடும். அரச ஓய்வூதியம் நிற்காது. நல்லூர்த் திருவிழாவே 25 நாள். கொடியேற்றத்துக்குப் போய், தீர்த்தம் முடிந்து, சகோதரங்களையும் ஊரையும் பார்த்துவிட்டுக் கார்த்திகையில் திரும்பலாம் என்று எண்ணும் முதியவருக்குத் தன் பெயரில் உள்ள ஓய்வூதியம்தான் உதவும். வருடத்தில் மூன்று மாதம் யாழ்ப்பாணத்தில் கழிக்க விரும்புபவரின் கணக்கும், இங்கேயே இருப்பவரின் கணக்கும் வேறு வேறு. இதை எந்த அரசாங்க இணையத்தளமும் எங்கள் மனம் அறிந்து சொல்லாது. நாங்கள்தான் எங்கள் ஆட்களிடம் கேட்டறிய வேண்டும்.

முழுதாகவே ஊரோடு போய்ச் சேரப் போகிறேன் என்பவருக்கு இன்னொரு செய்தி. இலங்கையிலோ இந்தியாவிலோ குடியிருப்பவரின் பிரித்தானிய ஓய்வூதியம் உறைந்து நிற்கும். இங்கே வருடாவருடம் உயரும் தொகை அங்கே உயராது. 67 வயதில் வாங்கிய அதே தொகைதான் 87 வயதிலும். காசு கட்டுவது அப்போதும் பலன் தரலாம், ஆனால் முதல் சில வருடங்களில் உள்ள பெறுமதி பின்னர் இராது என்று தெரிந்துகொண்டு கட்டவேண்டும்.

2016க்கு முன் நீண்ட காலம் தபால் துறையிலோ கவுன்சிலிலோ வேலை செய்து, தொழில்வழி ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுக்கு 2016இல் தொடக்கத் தொகை ஒன்றைப் பழைய விதிப்படியும் புதிய விதிப்படியும் கணக்கிட்டு எது கூடவோ அதை எடுத்தார்கள். பழைய விதியில் அடிப்படை ஓய்வூதியத்துக்கு 30 ஆண்டு போதும். ஏற்கனவே 30 இருந்தவர் அந்தச் சலுகைக் காலத்தில் 2016க்கு முந்திய ஆண்டொன்றைக் கட்டி நிரப்பியிருந்தாலும் தொகை அசையாமல் நின்றிருக்கக்கூடும். 2016க்குப் பிந்திய ஆண்டைக் கட்டினால் அசையும். நண்பர் ஒருவர் சொன்னதை நம்பி இரண்டு பழைய ஆண்டுகளைக் கட்டிவிட்டு, பின்பு அந்தக் காசைத் திருப்பிக் கேட்டு அலைந்த பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். காசு கட்டுமுன் இணையத்தளத்தில் உள்ள முன்கணிப்பைப் பார்த்திருந்தால், அல்லது ஃபியூச்சர் பென்ஷன் சென்டர் என்ற அரச ஓய்வூதிய அலுவலகத்தைத் தொலைபேசியில் கேட்டிருந்தால், எந்த ஆண்டு எவ்வளவு கூட்டும் என்று சொல்லியிருப்பார்கள். இரண்டும் இலவசம்.

இளையவர்கள் பதற வேண்டியதில்லை. 38 வயதில் பல்கலைக்கழகக் காலத்து மூன்று ஆண்டுகளைக் கட்டப் போன தோழியின் மகனை நான்தான் மறித்தேன். அவனுக்கு முன்னால் இன்னும் முப்பது வருட வேலை இருக்கிறது.

இனி என் கதையைச் சொல்கிறேன். இதை எழுதத் தூண்டியது அதுதான்.

என் பதிவேட்டைத் திறந்தால் 1993-94, 1994-95, 1995-96 என்று மூன்று வரிகள் அடுத்தடுத்து வரும். மூன்றுக்கும் பக்கத்தில் "இந்த ஆண்டு நிரம்பவில்லை" என்று இருக்கும். அந்த மூன்று வருடமும் நான் கிழமையில் ஆறு நாள் வேலை செய்தேன். எங்கள் ஆள் ஒருவரின் கடை. காலை ஆறு மணிக்குப் பத்திரிகைக் கட்டுகளை உள்ளே தூக்கி வைப்பதில் தொடங்கும். சனிக்கிழமை இரவு வெள்ளை உறையில் காசு. சம்பளச் சீட்டு கேட்டதில்லை. அப்படி ஒன்று கேட்கவேண்டும் என்று தெரியாது. வந்த வருடமே திரும்பிவிடுவோம் என்று பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே கட்டியபடி வைத்திருந்த காலம் அது. 67 வயதில் இந்த நாட்டில் இருப்போம் என்று யார் நினைத்தோம்?

அந்த மூன்று ஆண்டும் இனி எந்தக் காசுக்கும் கிடைக்காது. பின்னோக்கிக் கட்ட ஆறு ஆண்டுதான் எல்லை. அவை பதிவாகியிருந்தால் ஓய்வூதிய வயதில் எனக்கு 35 நிரம்பியிருக்கும். இப்போது கணக்குப் பார்த்தால் 32தான் வரும்.

நான்காவது வெற்று வரி 2019-20. அம்மாவுக்கு ஞாபகமறதி நோய் முற்றியபோது 2018 ஐப்பசியில் வேலையை விட்டேன். 2020 மாசியில் 91 வயதில் அவர் கண்மூடும்வரை வீட்டைவிட்டு நகரவில்லை. வாரம் 20 மணிநேரமோ அதற்கு மேலோ ஒருவரைப் பராமரிப்பவருக்குக் கேரர்ஸ் கிரெடிட் என்று ஒன்று உண்டு. அது அந்த ஆண்டை இலவசமாக நிரப்பியிருக்கும். கணக்கெழுதும் எனக்கே அது தெரியாது. தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது.

அந்த ஆண்டைக் கட்டுவதா விடுவதா என்று மார்கழி முழுவதும் யோசித்தேன். 923 பவுண் எனக்குச் சின்னக் காசு இல்லை. அப்பா 61 வயதில் போய்விட்டார், எனக்கும் சீனி வருத்தம் இருக்கிறது. புதிய ஓய்வூதியம் பொதுவாக ஆளோடு போய்விடும், பிள்ளைக்கு மிஞ்சாது. 67இல் தொடங்கினால் கட்டிய காசை மீட்க 70 வயதாகும். மறுபுறம் அம்மா 91 வரை இருந்தார், அவர் தாயார் 88. பேனாவால் இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தேன். சேமிப்பையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் பென்ஷன் கிரெடிட் கிடைக்காது, ஊரோடு போகும் எண்ணமும் இல்லை. கடைசியில் தை இரண்டாம் வாரம் கட்டினேன். இனி 33. முழுத் தொகையை விட வாரம் 13.16 பவுண் குறைவு. அந்தக் குறை வெள்ளை உறையில் போனது.

சபைகளில் இருக்கும் கடை முதலாளிகளுக்கு இதைக் கோபத்தோடு எழுதவில்லை. ஆனால் எழுதாமல் விடவும் முடியாது. உங்கள் பெற்றோல் நிலையத்திலும் கடையிலும் வேலை செய்யும் பிள்ளைகள் இன்று நான் அன்றிருந்த இடத்தில் இருக்கிறார்கள். அவர்களைச் சம்பளப் பதிவில் சேருங்கள். சேர்த்திருப்பவர்களும் இதைப் பாருங்கள்: 2025-26இல் ஒரே வேலையில் வாரம் 125 பவுண் சம்பளம் இருந்தால்தான் அந்த வாரம் கணக்கில் ஏறும். 125 முதல் 242 வரை சம்பளத்திலிருந்து காப்புறுதிக்கு ஒரு சதமும் பிடிக்கமாட்டார்கள், ஆண்டு மட்டும் நிரம்பும். அதே ஆண்டின் ஆகக்குறைந்த சம்பளமான மணிக்கு 12.21 பவுண் வீதம் வாரம் பத்து மணிநேரம் வேலை கொடுத்தால் 122.10 வரும். 2.90 குறைவதால் வருடம் முழுவதும் உழைத்தும் அந்த ஆண்டு வெறுமை. பதினொரு மணிநேரம் கொடுத்தால் 134.31, ஆண்டு நிரம்பும். இரண்டு கடைகளில் பத்துப் பத்து மணிநேரம் வேலை செய்பவரின் நிலை இன்னும் மோசம்: மொத்தம் 244.20 பவுண் உழைக்கிறார், ஆனால் இரண்டையும் கூட்டிப் பார்க்க சட்டம் இடம் தராது. காலையில் அலுவலகம் துப்புரவு செய்து, மதியம் பள்ளியில் சாப்பாடு பரிமாறும் எங்கள் பெண்கள் பலர் இந்தக் குழிக்குள் இருக்கிறார்கள். ஒரு மணிநேரம் கூட்டிக் கொடுப்பது உங்கள் கையில் இருக்கிறது.

டாக்சி ஓடுபவர்கள், வீட்டில் பிள்ளை பார்ப்பவர்கள் போன்ற சுயதொழில்காரருக்கு விலையே வேறு. 2025-26 அளவுப்படி, வருட இலாபம் 6,845 பவுணுக்குக் குறைந்தால் அவர்கள் வாரம் 3.50 பவுண் கட்டி, அதாவது 182 பவுணுக்கு, அந்த ஆண்டை நிரப்பலாம். இது தெரியாமல் 923 கட்டப் போனவர்களும் உண்டு.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பூசை முடிந்தபின், மண்டபத்தின் ஓரத்தில் ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு மடிக்கணினி, ஒரு பிரிண்டர். ஆங்கிலம் தெரிந்த பிள்ளை ஒருவர். பெரியவர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே திறக்க, பிள்ளை வாசித்துத் தமிழில் சொல்லட்டும். கடவுச்சொல்லையோ கடவுச்சீட்டுப் பிரதியையோ யாரும் வாங்கி வைக்கக் கூடாது. இதில் உறுதியாக இருங்கள். "பென்ஷன் கூட்டித் தருகிறேன்" என்று கட்டணம் கேட்டு வருபவர்களை மண்டபத்துக்குள் விடாதீர்கள். மேசையில் யாரும் காசு கட்டக் கூடாது என்றும் ஒரு விதி வையுங்கள். பதிவேட்டை அச்செடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து பார்த்து, தேவையானால் தொலைபேசியில் கேட்டு, பிறகு தாங்களே கட்டட்டும்.

உங்களைத்தான் கேட்கிறேன், ஏனென்றால் எங்கள் பெரியவர்கள் நம்பி வரும் இடம் நீங்கள் நடத்தும் மண்டபம். தேர் செய்ய வேண்டும் என்று நீங்கள் அறிவித்தபோது ஆறு மாதத்தில் காசு சேர்ந்தது. ஊரில் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட வேண்டும் என்றபோது ஒரே இராப்போசனத்தில் சேர்ந்தது. அந்தக் காசைக் கொடுத்த கைகள் இப்போது முதுமைக்கு வந்துவிட்டன.

2019-20 ஆண்டில் இடைவெளி உள்ளவர்களுக்கு 2026 ஏப்ரல் 5தான் கடைசி நாள்.  முதல் மேசையை எந்த மண்டபத்தில் போடுகிறீர்கள் என்று சொல்லுங்கள். மடிக்கணினியும் பிரிண்டரும் நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
வெள்ளிக்கிழமைப் பின்வரிசையிலிருந்து,
ஹரோ, 2026 தை